போட்டோவைப் பார்த்துக் கல்லுக்குப் பேர் வைக்கும் வியாதி

திருப்பூரில் ஏதாவது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய், அங்கே இருக்கும் மெர்ச்சன்டைசரிடம் ஒரு பனியன் துணியின் போட்டோவை நீட்டுங்கள். "அண்ணா, இதைப் பார்த்து இது முழுக் காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா, எத்தனை ஜிஎஸ்எம், துவைச்சா எவ்வளவு சுருங்கும்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். நல்ல மனிதராக இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "துணிய எடுத்துட்டு வா கண்ணு" என்று அனுப்பி வைப்பார். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது :-)

அதே ஊரில், அதே ஆட்களிடம், ஒரு கல்லின் போட்டோவை நீட்டுங்கள். கதையே வேறு.

"இது நீலக்கல்லு." "இல்லைங்க, அக்குவாமரின்." "பாட்டில் கண்ணாடிங்க, தூக்கிப் போடுங்க." "எங்க மாமன்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, மூணு லட்சத்துக்குப் போச்சு."

ஐந்து நிமிடத்தில் ஐந்து தீர்ப்பு. ஒருவர்கூட "தெரியலைங்க" என்று சொல்வதில்லை. ஒருவர்கூட "எவ்வளவு எடை? எங்கே கிடைச்சுது?" என்று கேட்பதில்லை. துணிக்கு ஒரு நியாயம், கல்லுக்கு ஒரு நியாயமா? இந்தக் கட்டுரையின் சண்டை இந்த வியாதியோடுதான்.

"பொழுதுபோகாத ஆட்கள் கல்லைப் பற்றிப் பேசினால் உலகம் அழிந்துவிடுமா?" என்று கேட்கலாம். வேறு ஊராக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இது எந்த ஊர் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

பனியனுக்கு முன்னால் கல்

திருப்பூரிலிருந்து காங்கேயம் பஸ்ஸில் ஏறினால் வழியில் படியூர் வரும். செல்போனைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிற ஊர். அந்தப் படியூரின் பச்சை கலந்த நீலக்கல், அதாவது பெரில், இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பு ரோமாபுரி வரை விலைபோன சரக்கு என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்களும் அங்கே கல் தோண்டிப் பார்த்தார்கள்.

இன்னும் கொஞ்சம் போனால் சிவன்மலை. முருகன் கோயிலுக்கும் உத்தரவுப் பெட்டிக்கும் பேர் போன மலை. நிலவியல் படிப்பவர்களுக்கு அது வேறு விதத்தில் பிரபலம். அந்த வட்டாரத்துப் பாறைகளில் குருந்தம் கிடைக்கிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, அதே கனிமம்தான் குருந்தம். இந்தப் பாறைகளைப் பற்றி டி.எச். ஹாலந்து என்ற நிலவியலாளர் 1901ல் தனி அறிக்கையே எழுதியிருக்கிறார்.

நொய்யல் கரையோரமாகக் கிழக்கே போனால் கொடுமணல். இன்றைக்கு ஈரோடு மாவட்டம். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது அங்கே மணிகள் மட்டும் கிடைக்கவில்லை. செதுக்கிப் பாதியில் விட்ட மணி, துளை போடாத மணி, கழித்துப் போட்ட சில்லு எல்லாம் கிடைத்தன. அதாவது அது கல்மணி செய்த தொழிற்பேட்டை. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. சாயப்பட்டறைக் கழிவுக்காகத் திட்டு வாங்கும் நொய்யல், ஒரு காலத்தில் ரத்தின ஏற்றுமதிக்குப் பேர் வாங்கிய நொய்யல்!

ஆக, இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் பளபளவென்று ஒரு கல் வந்தால், அது உண்மையிலேயே ஏதோ ஒன்றாக இருக்க வாய்ப்பு இருக்கிறது. வெறும் வெங்கச்சங்கல்லாக இருக்க அதைவிடப் பல மடங்கு வாய்ப்பு இருக்கிறது. இரண்டும் உண்மை என்பதால்தான் வாய்க்கு வந்த பேரைச் சொல்வது இங்கே ஆபத்து.

யாருக்கு நஷ்டம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காங்கேயம் பக்கம் ஒரு பெரியவருக்குத் தோட்டத்தில் ஒரு கல் கிடைக்கிறது என்று வையுங்கள். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன் அதைச் செல்போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புகிறான்.

முதல் வகை: "கண்ணாடி" என்று பதில் வருகிறது. மறுநாள் ஒரு தரகர் வருகிறார். கல்லைக் கையில் வாங்கி, வெயிலில் திருப்பிப் பார்த்து, பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கிறார். "ஏனுங்க அப்பாரு, இது சும்மா பளிங்குக் கல்லுங்க. வந்ததுக்கு வேணா ஐநூறு ரூவா வெச்சுக்குங்க." பேரனும் "ஆமாங்க அப்பாரு, எல்லாருமே கண்ணாடின்னுதான் சொல்றாங்க" என்கிறான். கல் போய்விடுகிறது. அது என்ன கல் என்பது தரகருக்கு மட்டும் தெரியும்.

இரண்டாவது வகை: "நீலக்கல், லட்சக்கணக்கில் போகும்" என்று பதில் வருகிறது. பெரியவர் கல்லைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறார். அதை நம்பிக் கடன் வாங்குகிறார்கள். தோட்டத்தில் நாலு பள்ளம் தோண்டுகிறார்கள். பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோகிறது. இரண்டு வருடம் கழித்து ஒருவர் எடை போட்டுப் பார்த்து, "குவார்ட்ஸ்" என்கிறார்.

இரண்டு வகையிலும் போட்டோவைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னவருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. நஷ்டமெல்லாம் கேட்டவருக்கு. ஈமு கோழியில் பணம் போட்டு 2012ல் நொந்துபோன கொங்கு மண்டலத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பி.காம் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய பிரபலமான கட்டுரை ஞாபகம் இருக்கும். 2001ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையே கெட்டுப்போகும் என்பது அவர் வாதம். காங்கேயம் தோட்டத்தில் அது தலைகீழ். விற்பவருக்கு ஒன்றும் தெரியாது, வாங்க வருகிறவருக்கு எல்லாம் தெரியும். இந்த இடைவெளியைக் குறைக்கக்கூடியது சோதனை ஒன்றுதான். போட்டோ தீர்ப்பு இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு, தெரிந்துவிட்டது என்ற நினைப்பை மட்டும் கொடுக்கிறது. தெரியாது என்று தெரிந்தவன் நாலு இடத்தில் விசாரிப்பான். தெரியும் என்று நினைப்பவன் விற்றுவிட்டு வருவான்.

படத்தில் விழாதவை

ஒரு கனிமத்தை அடையாளம் காட்டுவது எது? கடினத்தன்மை, ஒப்படர்த்தி, உரசினால் விழும் பொடியின் நிறம், உடையும் விதம், ஒளியை வளைக்கும் அளவு, படிக வடிவம். இதில் போட்டோவில் தெரியக்கூடியது கடைசியாகச் சொன்னது மட்டும்தான். அதுவும் கல் உடையாமல், உருளாமல், முழுப் படிகமாகக் கிடைத்தால்.

நிறம்? அதுதான் இருப்பதிலேயே பெரிய ஏமாற்றுப் பேர்வழி. குவார்ட்ஸ் வெள்ளையாக இருக்கும், ஊதாவாக இருக்கும், மஞ்சளாக, புகை நிறமாக, ரோஸாகக்கூட இருக்கும். நீலமாக இருப்பவற்றில் நீலக்கல் உண்டு, அக்குவாமரின் உண்டு, ஐயோலைட் உண்டு, டோபாஸ் உண்டு, பாட்டில் துண்டும் உண்டு. இதில் ஐயோலைட் ஒரு பக்கம் திருப்பினால் ஊதா நீலம், இன்னொரு பக்கம் திருப்பினால் வெளிறிய மஞ்சள். படம் எடுத்தவர் எந்தப் பக்கம் திருப்பி எடுத்தாரோ அதுதான் உங்களுக்குத் தெரியும்.

போதாததற்குச் செல்போன் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். திருப்பூர்க்காரர்களுக்கு இது தெரியாதா என்ன? டியூப்லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் வெயிலில் தனித்தனியாகத் தெரியும். அதற்காகத்தானே லைட் பாக்ஸில் டி65, டிஎல்84 என்று விளக்கை மாற்றி மாற்றி ஷேடு பார்க்கிறார்கள்? லேப் டிப்பை போட்டோவில் அப்ரூவல் வாங்காமல் கூரியரில் அனுப்புவது எதற்காக? பத்து ரூபாய் லாபம் நிற்கும் டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு ஜாக்கிரதை. கல்லுக்கு மட்டும் ஒரு படம் போதுமாம்.

இப்போது எடை. துணியை வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியைக் கொடுக்கும். அதை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். கல்லுக்கும் இதே தத்துவம்தான், பரப்புக்குப் பதில் பருமன். ஒரு சின்னத் தராசு போதும். முதலில் கல்லை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் பருமன், கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும்.

ஒரு சின்ன எலுமிச்சை அளவு, 20 கன சென்டிமீட்டர் கல் என்று வைத்தால்: குவார்ட்ஸ் என்றால் 53 கிராம் இருக்கும். டோபாஸ் என்றால் 70 கிராம். நீலக்கல் என்றால் 80 கிராம். படத்தில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கலாம். தராசில் இருக்க முடியாது. "நீலக்கல்லா, குவார்ட்ஸா" என்று நூறு பேர் போடும் சண்டையை அஞ்சாம் வகுப்புப் பையன் அஞ்சு நிமிடத்தில் முடித்துவிடுவான். வேறு பாறை ஒட்டியிருக்கக் கூடாது, கல்லில் ஓட்டை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் தராசு தீர்த்துவிடாது என்பதும் உண்மை. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, பெரிலுக்குச் சுமார் 2.7. வீட்டுத் தராசில் இந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம். அங்கே ஒளிவிலகல் மானி வேண்டும். செயற்கை மாணிக்கம் வந்தால் அதுவும் போதாது. வெர்னூயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902ல் வெளியிட்ட முறையில் செய்யும் மாணிக்கத்துக்கும் மண்ணிலிருந்து வரும் மாணிக்கத்துக்கும் எடை, கடினம், வேதிப்பொருள் எல்லாம் ஒன்றே. உள்ளே வளைந்த கோடுகளும் குமிழிகளும் இருக்கின்றனவா என்று நுண்நோக்கியில் தேட வேண்டும். கையில் வைத்துச் சோதித்தாலே இவ்வளவு படிகள் ஏற வேண்டியிருக்கிறது. முதல் படியில்கூடக் கால் வைக்காதவர்தான் போட்டோவைப் பார்த்து "நூறு சதவீதம் கெம்பு" என்கிறார்.

"அனுபவம் இருக்குங்க, பார்த்தாலே தெரியும்"

வழக்கமாக வரும் பதில் இது. அனுபவம் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அனுபவஸ்தர் கல்லைக் கையில் எடுத்தவுடன் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? உள்ளங்கையில் ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார், கனம் தெரியும். விரலில் உருட்டுவார். வெளிச்சத்தில் திருப்புவார். எங்கே எடுத்தது என்று கேட்பார். அவருடைய அனுபவத்தில் பாதி கையிலும் காதிலும் இருக்கிறது. அவரையே ஒரு போட்டோவின் முன்னால் உட்கார வைத்தால் பாதி அனுபவத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி.

கண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி இருக்கிறது. இங்கிலாந்து அரசர்களின் கிரீடத்தில் முன்பக்கம் பதித்திருக்கும் பெரிய சிவப்புக் கல்லுக்குப் பேர் 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்'. அது மாணிக்கமே அல்ல, ஸ்பைனல் என்ற வேறு கனிமம். ராஜாக்கள், கஜானாக்காரர்கள், பொற்கொல்லர்கள் எல்லோரும் நூற்றுக்கணக்கான வருடங்கள் கையில் வைத்துப் பார்த்தும் நிறத்தை நம்பி ஏமாந்தார்கள். ஸ்பைனல் தனிக் கனிமம் என்பதே 1783ல்தான் தெளிவானது. கல்லையே கையில் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதி!

நம்ம பக்கமும் யோக்கியம் கிடையாது. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியர்கள் படிகக் கல்லுக்குச் சாயம் ஏற்றிப் பெரில் என்று செய்துவிடுவதாக எழுதி வைத்திருக்கிறார். சாயம் ஏற்றுவதில் நமக்கு இருக்கும் திறமை நேற்று வந்ததல்ல போலிருக்கிறது :-) கப்பலில் சரக்கு போன காலத்திலேயே நிறத்தை நம்பக் கூடாது என்று வாங்கியவனுக்குப் புரிந்துவிட்டது.

பேர்களையும் நம்ப முடியாது. நகைக்கடையில் வைடூரியம் கேட்டால் பூனைக்கண் கல்லைக் காட்டுவார்கள். பெரில் என்ற ஐரோப்பியச் சொல்லோ, வைடூரியம் என்ற சொல்லின் பழைய பிராகிருத வடிவத்திலிருந்து போனது. இரண்டும் வேறு வேறு கனிமம். புஷ்பராகம் என்று ஒரு கடையில் மஞ்சள் நீலக்கல்லையும் இன்னொரு கடையில் டோபாஸையும் கொடுப்பார்கள். ஆக, போட்டோவுக்குக் கீழே யாரோ ஒரு பேரைச் சொன்னால், அது எந்தப் பேர், எந்தக் கனிமம் என்று இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது.

இப்போது ஆட்களை விடச் செல்போன் செயலிகளை நம்புகிறவர்கள் அதிகம். படத்தைக் காட்டினால் கல்லின் பேரைச் சொல்லும் செயலிகள். அவை ஏற்கெனவே பார்த்த படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிடுகின்றன. படத்தில் இல்லாத எடையை எவ்வளவு புத்திசாலி இயந்திரமும் படத்திலிருந்து எடுக்க முடியாது. அவசரக்காரர்கள் செய்த அதே தப்பைச் செயலி இன்னும் வேகமாகச் செய்கிறது.

தெரிந்தவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்

2016 பிப்ரவரி 6. அன்றைய வேலூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிச் சத்தம். ஒரு பஸ் டிரைவர் இறந்துபோனார். தரையில் பள்ளம், பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்னக் கல். விண்கல் என்று பேச்சு கிளம்பியது. மாநில அரசே அப்படி அறிவித்து நிவாரணமும் கொடுத்தது. உலகம் முழுக்கச் செய்தி. நாசா விஞ்ஞானிகளிடம் கேட்டபோது, இணையத்தில் வந்த படங்களைப் பார்த்தால் வானத்திலிருந்து விழுந்ததைவிடத் தரையில் நடந்த வெடிப்போடு அதிகம் ஒத்துப்போகிறது என்றார்கள்.

அந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். "படங்களைப் பார்த்தால்", "அதிகம் ஒத்துப்போகிறது". தீர்ப்பு இல்லை, சந்தேகம். படத்தால் ஒரு சந்தேகத்தைக் கிளப்ப முடியும். பதில் சொல்ல வேண்டியது சோதனைக்கூடத்தில் இருக்கும் கல். நாசாவே இவ்வளவு அடக்கிப் பேசுகிற இடத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "சத்தியமா வைரம்ங்க" என்கிறவரை என்ன சொல்ல?

அப்படியென்றால் போட்டோவே வேண்டாமா?

வேண்டும். எடுங்கள், அனுப்புங்கள். எட்டாக் கையில் இருக்கும் நிபுணரின் உதவி கிடைக்க அதுதான் வழி. ஆறு பட்டையாக நீண்டு, தட்டையாக முடிந்து, நெடுக்குவாட்டில் கோடு இருந்தால் பெரிலாக இருக்கலாம். பட்டையில் கோடு குறுக்குவாட்டில் ஓடி, நுனி கூம்பாக முடிந்தால் குவார்ட்ஸாக இருக்கலாம். இந்த அளவுக்குப் படம் உதவும். ஆனால் அது விசாரணையின் முதல் பக்கம்தான்.

அனுப்புகிறவர் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நாலு பக்கமும் எடுக்க வேண்டும். எடை, ஒப்படர்த்தி, கண்ணாடியைக் கீறுகிறதா, எந்த ஊரில் எந்தப் பாறையில் கிடைத்தது என்று எழுத வேண்டும். கிடைத்த இடம் ரொம்ப முக்கியம். சிவன்மலைப் பாறைகளில் இருக்கும் நெஃபலின் என்ற கனிமமும் குவார்ட்ஸும் ஒரே பாறையில் சேர்ந்து உருவாவதில்லை. பாறை எது என்று தெரிந்தாலே கல்லின் பேரில் பாதி கழிந்துவிடும்.

பதில் சொல்கிறவருக்கு மூன்று கடமை. இது ஊகம் என்று சொல்வது. வேறு என்னவாகவெல்லாம் இருக்கலாம் என்று சொல்வது. எந்தச் சோதனை செய்தால் முடிவாகும் என்று சொல்வது. மூன்றும் முடியாவிட்டால் "தெரியலைங்க" என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. சேலத்திலும் சென்னையிலும் நிலவியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன, ரத்தினம் சோதிக்கும் கூடங்கள் இருக்கின்றன. அங்கே போகச் சொல்வது அவமானம் இல்லை.

அந்தக் காங்கேயத்துப் பெரியவருக்குத் தேவை கல்லின் பேர் இல்லை. தரகர் வாசலில் வந்து நிற்கும்போது, "இருங்க, எடை போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லும் தைரியம். அதைப் பேரன் கொடுக்கலாம். முந்நூறு, நானூறு ரூபாய்த் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு முழம் நூல்.

நூலுக்கா திருப்பூரில் பஞ்சம்?